பழைய மடிக்கணினியில் காணொளி ஏன் இழுத்து இழுத்து ஓடுகிறது?

கோண்டாவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய மடிக்கணினி 2013இல் வாங்கியது. இன்டெல் ஐ5-3210எம் புறொசெசர், 4 ஜிபி றாம், சுழலும் ஹார்ட் டிஸ்க், 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரை. சில மாதங்களுக்கு முன் கடையொன்றில் ஃபோமற் செய்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யூரியூப்பில் பேத்தி பார்க்கும் உயர்தர வகுப்புப் பாடங்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன. ரொறன்ரோவில் நடந்த மருமகளின் கலியாணக் காணொளியைப் பென் டிறைவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் நாதஸ்வரம் தொடர்ந்து கேட்கிறது, படமோ தாலி கட்டுவதற்கு முன்னரே நின்றுவிடுகிறது. பழைய எம்பி4 படங்கள் மட்டும் ஒரு குறையுமின்றி ஓடுகின்றன. அரை மணித்தியாலம் சென்றால் கணினி முழுவதுமே மந்தமாகிவிடுகிறதாம். றாமை 8 ஜிபி ஆக்கினால் எல்லாம் சரியாகும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஆக்கலாமா, அல்லது கணினியையே மாற்றிவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

ஐயா, றாமைக் கூட்டுவதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் காசு கலியாணக் காணொளியை ஓடவைக்காது. பழைய படங்கள் குறையின்றி ஓடுகின்றன என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. றாம் போதாமைதான் காரணமென்றால் பழைய படமும் இழுத்திருக்க வேண்டும். ஒரு காணொளி ஓடி இன்னொன்று ஓடாமல் நிற்கும்போது, கணினியின் வேகத்தைக் கேட்பதற்கு முன் அந்தக் காணொளி எந்த முறையில் சுருக்கப்பட்டது, அதை விரிக்கும் வேலையை உங்கள் கணினிக்குள் யார் செய்கிறார் என்பதைக் கேட்க வேண்டும்.

விரிப்பது என்று நான் சொல்வதன் பொருளைச் சற்று விளக்குகிறேன். 1080பி என்று சொல்லப்படும் காணொளியின் ஒரு சட்டகத்தில், அதாவது அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களில் ஒன்றில், 20,73,600 புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 60 சட்டகம் என்றால் 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளை ஒவ்வொரு செக்கனும் வரைய வேண்டும். ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெக்கன் மாத்திரமே. இத்தனையையும் அப்படியே சேமித்து வைக்க எந்த டிஸ்க்காலும் கட்டுபடியாகாது என்பதனால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறியது எதுவோ அதை மட்டும் குறித்து வைக்கிறார்கள். நல்லூர்த் தேர்த் திருவிழாவைக் கமராவை அசைக்காமல் எடுத்த காட்சியை எண்ணிப் பாருங்கள். கோபுரமும் வானமும் முன்பிருந்தபடியே இருக்கின்றன. தேர் நான்கு விரற்கடை நகர்ந்திருக்கிறது. ஆகையால் கோபுரத்தைப் பற்றி மீண்டும் எழுதாமல், தேர் இருந்த பகுதியை இவ்வளவு தூரம் தள்ளி வை என்று மட்டும் கோப்பில் எழுதப்படுகிறது. வடம் பிடிக்கும் சனக்கூட்டத்துக்கோ இந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்காது, ஏனெனில் அங்கே ஒவ்வொரு தலையும் தனித்தனியாக அசைகிறது. வெண்பலகைக்கு முன் நின்று பாடம் நடத்தும் ஆசிரியரின் காணொளி ஓடும் அதே கணினி, கூட்டமும் பூமாரியும் வந்தவுடன் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இவ்வாறு எழுதி வைக்கும் முறைகளுக்குக் கோடெக் என்று பெயர். எச்.264 என்ற முறை 2003இல் தரமாக்கப்பட்டது. எச்.265 என்பதும், கூகிள் கொண்டுவந்த விபி9 என்பதும் 2013இல் வந்தன. ஏவி1 2018இல் வந்தது. புதிய முறை ஒவ்வொன்றும் கோப்பின் அளவைக் குறைக்கிறது, அதற்கு விலையாக விரிப்பவரின் வேலையைக் கூட்டுகிறது.

கணினிக்குள் இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எல்லா வேலையும் செய்யும் புறொசெசர். மற்றவர் கிராபிக்ஸ் பகுதிக்குள் காணொளியை விரிப்பதற்கென்றே பதிக்கப்பட்ட தனிச் சுற்று. இந்தச் சுற்று தன் வேலையை மிகக் குறைந்த மின்னில், சூடேறாமல், அலட்டிக்கொள்ளாமல் செய்து முடிக்கும். ஆனால் தொழிற்சாலையில் என்ன கற்பிக்கப்பட்டதோ அதற்கு மேல் எதுவும் அதற்குத் தெரியாது, பின்னர் கற்பிக்கவும் முடியாது. உங்களுடையது 2012இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் புறொசெசர். அதற்குள் இருக்கும் சுற்றுக்கு எச்.264 நன்றாகத் தெரியும். எச்.265 இன்டெலின் 6ஆம் தலைமுறையில்தான் முழுமையாக இடம்பெற்றது; நிறங்களை இன்னும் நுணுக்கமாகக் குறிக்கும் 10 பிற் எச்.265உம் விபி9உம் 7ஆம் தலைமுறையில். ஏவி1 11ஆம் தலைமுறையில். தெரியாத முறையில் ஒரு கோப்பு வந்தால் சுற்று கையை விரித்துவிட, முழுச் சுமையும் இரண்டே கோர்கள் கொண்ட உங்கள் புறொசெசரின் தலையில் விழுகிறது. புதிய கோடெக்குகளைப் புறொசெசரிலேயே விரைவாக விரிப்பதற்கு இன்றைய மென்பொருள்கள் பெரிதும் நம்பியிருக்கும் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியும் 4ஆம் தலைமுறையில் வந்ததுதான். அதுவும் உங்களிடம் இல்லை.

இப்போது உங்கள் இரண்டு முறைப்பாடுகளையும் எடுத்துக்கொள்வோம். பழைய எம்பி4 படங்கள் எச்.264இல் இருக்கின்றன, ஆகவே ஓடுகின்றன. யூரியூப் இயன்றவரை விபி9 அல்லது ஏவி1 முறையிலேயே காணொளியை அனுப்புகிறது. கலியாணக் காணொளி ஐபோனில் எடுத்ததாக இருந்தால், ஐஓஎஸ் 11 வெளிவந்த 2017 தொடக்கம் அந்தக் கைபேசிகள் எச்.265இலும் பதிவு செய்கின்றன. 2020இல் வந்த ஐபோன் 12 முதல், வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் என்ற பெயரில் 10 பிற் நிறமும் சேர்ந்துகொண்டது. எம்பி4 என்பதும் எம்கேவி என்பதும் வெறும் உறைகள். உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதுவும் எம்பி4, அதுவும் எம்பி4, பிறகேன் ஒன்று ஓடவில்லை என்று கேட்டு வருபவர்கள் என்னிடம் அநேகர்.

ஊகத்தில் நிற்காமல் பார்த்து உறுதிசெய்து கொள்ளுங்கள். கலியாணக் காணொளியை வீஎல்சி என்ற காணொளி மென்பொருளில் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் ஜே எழுத்தை அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி வரும். கோடெக் என்ற வரியில் எச்.265 அல்லது எச்ஈவிசி என்று இருக்கிறதா, எத்தனைக்கு எத்தனை புள்ளிகள், செக்கனுக்கு எத்தனை சட்டகங்கள் என்ற மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். 3840க்கு 2160 என்று கண்டால் அது 4கே. ஒரு சட்டகத்திலேயே 82 இலட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். அதே நேரத்தில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி ராஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ் பகுதியில் சிபியூ, அதாவது புறொசெசர், எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். தனிச் சுற்று வேலை செய்யும்போது உங்களுடையதைப் போன்ற கணினியில் அது 10 முதல் 20 வீதத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சுற்று கைவிட்ட வேளையில் 90ஐத் தாண்டி 100இல் ஒட்டிக்கொண்டு நிற்கும். புதிய கணினிகளில் இதே பக்கத்தில் கிராபிக்ஸைக் குறிக்கும் ஜிபியூ என்று ஒரு பகுதியும், அதற்குள் காணொளி விரிப்பைக் காட்டும் ஒரு வரைபும் இருக்கும். உங்களுடைய தலைமுறைக்குரிய டிறைவர், அதாவது விண்டோஸ் கிராபிக்ஸ் பகுதியோடு பேச உதவும் மென்பொருள், பழைய வகை என்பதால் அப்பகுதி உங்களுக்குத் தோன்றாது. அது பழுதன்று, தேடிக் களைக்க வேண்டாம்.

கோடெக்குக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஃபோமற் செய்தார்கள் என்று நீங்கள் எழுதியதைக் கண்டதும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகமும் அதுதான். விண்டோஸ் போட்டவுடன் இணைய இணைப்புக் கொடுக்காமலே கணினியைத் திருப்பித் தந்துவிட்டால், கிராபிக்ஸ் டிறைவர் ஏறாமலே போய்விடுவதுண்டு. அப்போது எச்.264 தெரிந்த சுற்றும் வேலைக்கு அழைக்கப்படாமல் சும்மா கிடக்கும். ஸ்ராட் பொத்தானில் வலது சொடுக்குச் செய்து டிவைஸ் மனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடப்ரர்ஸ் என்பதன் கீழ் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 4000 என்று இருக்கிறதா, அல்லது மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்ரர் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளும் வேலை செய்யாமல் இருக்கும். அதுவே போதிய அடையாளம். விண்டோஸ் அப்டேற்றை முழுமையாக ஓடவிடுங்கள், அல்லது கணினியின் மாதிரி இலக்கத்தைக் கொண்டு அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிறைவரை இறக்கிப் போடுங்கள். டிறைவர்களைத் தானே தேடிப் போடுவதாகச் சொல்லி விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். அவை கொண்டுவரும் சுமை கணினியின் வயதைவிடப் பெரிது. உங்களிடம் பழைய படங்கள் ஒழுங்காக ஓடுவதால் டிறைவர் இருக்கக்கூடும்தான். ஆயினும் பழைய படங்கள் சிறிய அளவினவாக இருந்தால் புறொசெசரே அவற்றைச் சமாளித்திருக்கவும் கூடும் என்பதனால் பார்ப்பதே நல்லது.

யூரியூப்புக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் காணொளியின் மேல் வலது சொடுக்குச் செய்தால் பட்டியலின் அடியில் ஸ்ரற்ஸ் போர் நேர்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் ஏவிசி1, விபி09, ஏவி01 என்ற மூன்றில் ஒன்று கோடெக் வரியில் தெரியும். ஏவிசி1 என்பது எச்.264இன் மறுபெயர். எத்தனை சட்டகங்களில் எத்தனை கைவிடப்பட்டன என்ற கணக்கும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண் செக்கனுக்குச் செக்கன் ஏறினால் விரிக்கும் வேலை பின்தங்குகிறது என்று பொருள். எண் ஏறாமல் படமும் குரலும் ஒன்றாக நின்று வட்டம் சுழன்றால் குற்றம் இணைப்பில் இருக்கிறது; அதற்குக் கணினியைத் திட்டிப் பயனில்லை, வைஃபை பெட்டியை அறைக்கு அருகில் கொண்டுவாருங்கள், அல்லது கம்பியில் இணையுங்கள்.

விரிப்புத்தான் பின்தங்குகிறது என்றால் இரண்டு காரியங்கள் செய்யலாம். பயர்பொக்ஸ் உலாவியில் எச்264இஃபை என்ற சிறிய நீட்சியைச் சேர்த்தால், அது விபி9உம் ஏவி1உம் இந்தக் கணினிக்கு வேண்டாம் என்று யூரியூப்பிடம் சொல்லிவிடும், யூரியூப்பும் எச்.264இல் அனுப்பத் தொடங்கும். அந்த முறையில் 1080பிக்கு மேல் கிடைக்காது என்பது உங்களுக்கு ஒரு குறையே அல்ல. உங்கள் திரையில் மொத்தமாக உள்ள புள்ளிகளே 10 இலட்சத்து 49 ஆயிரம்தான். 720பி காணொளியில் 9 இலட்சத்து 21 ஆயிரம். 1080பியைத் தெரிவு செய்தால் கணினி 20 இலட்சம் புள்ளிகளை வியர்த்து விரித்துவிட்டு, பாதியைச் சுருக்கி எறிகிறது. எனவே இரண்டாவது காரியம், தரத்தை 720பியில் நிறுத்துவது. 720பி60 என்று இருந்தால் அதற்கும் ஒருபடி கீழே 480பிக்கு இறங்கிப் பாருங்கள், பாடக் காணொளிக்கு 60 சட்டகம் எதற்கும் உதவாது. உலாவியின் அமைப்புகளில் கிராபிக்ஸ் அக்சிலரேஷன் என்ற தெரிவு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். கணினி இறுகி நிற்கிறது என்று யாரோ சொல்லி அதை ஒருமுறை அணைத்துவிட்டு, பிறகு மறந்துபோனவர்களை நான் கண்டிருக்கிறேன். அணைத்திருந்தால் எந்த நீட்சியும் பயன் தராது.

கலியாணக் காணொளிக்கு ஒரே நிரந்தரமான வழி அதை எச்.264ஆக மாற்றிக்கொள்வதுதான். ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, பாஸ்ற் 720பி30 என்ற ஆயத்த அமைப்பைத் தெரிவு செய்து ஓடவிடுங்கள். உங்கள் கணினியில் ஒரு மணித்தியாலக் காணொளிக்கு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஆகையால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, மூடியை மூடாமல், உறங்குநிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் கிடைக்கும் கோப்பு தங்குதடையின்றி ஓடும். மூலம் எச்டிஆராக இருந்தால் கூறைச் சேலையின் சிவப்புச் சற்று வெளிறித் தோன்றக்கூடும். அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் ரொறன்ரோவில் இருப்பவர்களிடமே எச்டிஆர் இல்லாத 1080பி எச்.264 பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் புதிய கணினி இருக்கும், அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இனி எடுக்கப்போவதற்கு, ஐபோனின் அமைப்புகளில் கமரா, ஃபோர்மற்ஸ் என்று போய் மோஸ்ற் கொம்பற்றிபிள் என்பதைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு கைபேசி எச்.264இல் பதிவு செய்யும். அதே காட்சியின் ஒரு துண்டு வட்ஸ்அப்பில் வந்தபோது மட்டும் ஓடியதாகச் சிலர் வியப்பதுண்டு. வட்ஸ்அப் அனுப்பும்போது காணொளியைச் சிறிதாக்கி எச்.264ஆக மாற்றிவிடுகிறது, தெளிவு போய்விடும், ஓட்டம் இருக்கும்.

மாற்றுவதற்குப் பொறுமை இல்லாதபோது வீஎல்சியில் சிறு கைவேலைகள் உண்டு. ரூல்ஸ், பிறெபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போனால் ஹாட்வெயர் முடுக்கம் பற்றிய ஒரு தெரிவு இருக்கும். தானியங்கி சரிவராவிட்டால் டிஎக்ஸ்விஏ 2.0 என்பதைத் தெரிவு செய்து, வீஎல்சியை மூடித் திறந்து பாருங்கள். அதே பக்கத்தில் விரித்த படத்தின் கட்டங்களை மழுப்பும் எச்.264 லூப் பில்ரரைத் தவிர்க்கும் தெரிவும் உண்டு. அதை முழுவதும் தவிர்க்கச் சொன்னால் படத்தில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும், ஆனால் வேலை கணிசமாகக் குறையும். பென் டிறைவிலிருந்து நேராக ஓட்டாமல் கோப்பை டிஸ்க்கில் பிரதி செய்துவிட்டு ஓட்டுங்கள். மலிவான பென் டிறைவுகளின் வாசிப்பு வேகம் 4கே கோப்புகளுக்குச் சில வேளைகளில் போதாது.

அரை மணித்தியாலத்துக்குப் பின் எல்லாமே மந்தமாகிறது என்பது வேறு நோய். மேற்சொன்னவற்றோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புறொசெசரின் வெப்பம் நூறு பாகை செல்சியசை அண்டும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்களுடையதன் இயல்பான வேகம் 2.5 கிகாஹேட்ஸ், தேவைப்பட்டால் 3.1 வரை எழும்பும். மந்தமான நேரத்தில் ராஸ்க் மனேஜரில் வேகம் என்ற இடத்தில் 1.2 என்றோ அதற்குக் கீழாகவோ கண்டால் சூடு என்று முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பாகைக் கணக்கையும், வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டதா என்பதையும் நேராகவே சொல்லும்.

நம்முடைய ஊரில் இது மிகச் சாதாரணம். வைகாசி தொடங்கிச் சோழகம் வீசும் மாதங்களில் கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துத் தோட்டக் காணிகளிலிருந்து எழும்பும் செம்மண் புழுதி யன்னலை மூடினாலும் வந்து படியும். சென்ற ஆடியில் நான் திறந்த ஒரு மடிக்கணினியில் விசிறியைக் கழற்றியபோது, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் ஒரு செங்கபில நிறப் பட்டை, கம்பளித் துண்டைப் போல் மெத்தென்று, தகடுகளின் முழு அகலத்துக்கும் படிந்திருந்தது. சிறிய இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் அப்படியே ஒரே துண்டாகக் கையோடு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் காற்றுத் துவாரம் சுத்தமாகவே தெரிந்தது. விசிறி அதுவரையும் வேகமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுத்தான் போகவில்லை. அந்தத் துண்டை எடுத்து, காய்ந்து சுண்ணாம்புத் தூளாகியிருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசியபின், 97 பாகையில் நின்ற கணினி அதே காணொளியை 71 பாகையில் ஓட்டியது.

வாகனத் திருத்தகத்தில் சில்லுக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் ஊதி எடுக்கலாமா என்று கேட்பீர்கள். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். விசிறி அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் சுழன்று அதன் அச்சும் பழுதாகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் ஒரு குச்சியால் விசிறியை அசையாமல் பிடித்துக்கொண்டு தூர நின்று மெதுவாக ஊதலாம், ஆனால் திறந்து எடுப்பதற்கு அது ஈடாகாது. துப்புரவு செய்யக் கொடுக்கும்போது பசையையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பலர் தூசை மட்டும் தட்டிவிட்டுத் தருவார்கள். வீட்டில் கணினியைக் கட்டில் மெத்தையிலோ தலையணையிலோ வைத்து ஓட்டாமல் மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு கொப்பிகளின் கனத்துக்கு உயர்த்தி வையுங்கள். பகல் வெக்கையே 33, 34 பாகைக்குப் போகும் சித்திரையில் அந்த இரண்டு கொப்பிகளும் செய்யும் உதவி சொல்லும் தரமன்று.

சூடில்லாமலேயே வேகம் அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில மடிக்கணினிகள் தம்முடைய சொந்தச் சார்ஜரை ஒரு சிறிய சமிக்ஞையால் அடையாளம் காண்கின்றன. அடையாளம் தெரியாத மாற்றுச் சார்ஜரைச் செருகினால், அல்லது செருகியின் நடு ஊசி வளைந்திருந்தால், கணினி ஓடும், ஆனால் புறொசெசரை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டி வைத்துவிடும். செத்துப்போன பற்றறியைக் கழற்றிவிட்டு ஓட்டும்போதும் சிலவற்றில் இப்படி நடக்கும். பவர் ஒப்ஷன்சில் பவர் சேவர் என்று இருந்தால் பலன்ஸ்ட் ஆக மாற்றுங்கள். மாலையில் மின்னழுத்தம் குறைவதால்தான் படம் இழுக்கிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. சார்ஜரின் அடியில் பார்த்தால் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருக்கும்.

றாமும் டிஸ்க்கும் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. காணொளி ஓடும்போது ராஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதத்தில் நின்று, சுட்டியும் சேர்ந்து இறுகினால் சுழலும் டிஸ்க்கை, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டியாக மாற்றுவது காசுக்கு ஏற்ற வேலை. கணினி முழுவதுமே உயிர்த்தெழுந்ததுபோல் இருக்கும், எச்.265 மட்டும் முன்போலவே இழுக்கும். றாம் போடுவதென்றால் ஒற்றைத் துண்டை மாற்றாமல் இரண்டு துளைகளிலும் ஒரே அளவில் போடுங்கள். உங்கள் கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, அதுவும் இதே றாமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு துண்டென்றால் பாதை இரண்டாகும்.

இவ்வளவுக்கும் பின்னர், கமரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும் திரைப்படக் காட்சிகளில் மெல்லிய துடிப்பு ஒன்று எஞ்சலாம். திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டகம், உங்கள் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 24 அறுபதில் சரியாக அடங்காததால் ஒரு சட்டகம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் காட்டப்படுகிறது. புத்தம் புதிய கணினியிலும் அது உண்டு. அதைத் திருத்தப் புறப்பட வேண்டாம்.

மாற்றலாமா என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிவடைந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லை. விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் பேத்தியின் பாடங்களுக்கு உழைக்கும். 2023இல் வந்த பயர்பொக்ஸ் 115 தொடக்கம் லினக்சிலும் இன்டெல் சுற்றுகள் தாமாகவே காணொளி விரிப்புக்கு அழைக்கப்படுகின்றன. ஆகவே இப்போதைக்கு டிறைவரைப் பார்ப்பது, தூசெடுத்துப் பசை மாற்றுவது, கலியாணக் காணொளியை மாற்றிக்கொள்வது என்ற மூன்றோடு நிறுத்திப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. மூன்றும் சேர்ந்து றாமின் விலைக்குள் அடங்கிவிடும்.

ஒருவேளை பாவித்த கணினி ஒன்றை வாங்குவதென்று தீர்மானித்தால், ஐ5 என்ற பெயரில் மயங்காமல் அதற்குப் பின் வரும் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-3210எம் என்பதில் 3 எப்படித் தலைமுறையைக் குறிக்கிறதோ, அப்படியே ஐ5-8250யூ என்பதில் 8 குறிக்கிறது. எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம், எச்.265, விபி9 இரண்டும் அதற்குத் தெரியும், விண்டோஸ் 11உம் ஏற்கும். ஏவி1உம் வேண்டுமென்றால் 11. கடைக்குப் போகும்போது மாற்றப்படாத அந்தக் கலியாணக் காணொளியைப் பென் டிறைவில் எடுத்துச் செல்லுங்கள். விற்பவரிடம் கேட்டு அதை டிஸ்க்கில் பிரதி செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ராஸ்க் மனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சிபியூ இருபது வீதத்துக்குக் கீழே நின்று, தாலி கட்டும் இடத்தைப் படம் நிற்காமல் கடந்து, இருபதாவது நிமிடத்தில் அடிப்பக்கத்தில் கையை வைக்கக் கூடியதாகவும் இருந்தால், விலையைப் பேசத் தொடங்கலாம்.